மொட்டைமாடி மாலுமி

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில் இருக்கிறது. இந்த விஷயம் தபால்காரருக்குத் தெரியும், கரண்ட் ரீடிங் எடுக்க வருபவருக்குத் தெரியும், தண்ணீர் லாரி டிரைவருக்குத் தெரியும், பிட்சா கொண்டுவரும் பையனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத்தான் இவர்கள் பேச்சை மட்டும் நம்பாமல், சூரியனையே நேரில் விசாரித்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஆசை. அதற்காக வாங்கியதுதான் செக்ஸ்டன்ட்.

பழைய கப்பல் படங்களில் பார்த்திருப்பீர்கள். தாடிக்கார கேப்டன் மேல்தளத்தில் காலை அகட்டி நின்று, முக்கோணமாக ஒரு சாமானைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "புயல் வருகிறது" என்பார். அந்தச் சாமானுக்கும் புயலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அடியில் டிகிரி குறித்த ஒரு வில், இரண்டு சின்னக் கண்ணாடி, ஒரு குட்டித் தொலைநோக்கி, நகர்த்துவதற்கு ஒரு கை. கையை நகர்த்தினால் வானத்துச் சூரியன் தொலைநோக்கிக்குள் மெதுவாக இறங்கி வரும். அது அடிவானத்தைத் தொடும் நேரத்தில் வில்லில் எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் சூரியனின் உயரம். அந்த உயரமும், பார்த்த விநாடியும், கடல்வழிப் பஞ்சாங்கமும் இருந்தால், பூமியில் நாம் எந்தக் கோட்டின் மேல் நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடலாம். 1731இல் ஜான் ஹாட்லி இந்த இரட்டைக் கண்ணாடி வித்தையை லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். 1757 வாக்கில் ஜான் கேம்பெல் என்ற கடற்படை அதிகாரியின் யோசனைப்படி வில்லை 120 டிகிரி வரை நீட்டினார்கள். அதன் பிறகு அடிப்படையில் ஒன்றும் மாறவில்லை. இத்தனை காலம் மாடல் மாறாத சாமான் எங்கள் வீட்டில் இதுவும் அம்மிக்கல்லும்தான்.

நான் கப்பல் ஏறியவன் இல்லை. விவேகானந்தர் பாறைக்குப் போன படகுதான் என் கடல் அனுபவம். அதிலும் லைஃப் ஜாக்கெட்டின் நாடாவை ஒரு கையாலும் கம்பியை மறு கையாலும் பிடித்திருந்ததால் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை. இதைத்தான் என் மனைவி முதலில் எடுத்தாள்.

"என்னங்க, போன்லயே நீலப் புள்ளி காட்டுதே. இது எதுக்கு?"

"சாட்டிலைட்டெல்லாம் ஒரு நாள் வேலை செய்யாமப் போச்சுன்னா?"

"அன்னிக்கு வீட்லயே இருப்போம். வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

விடவில்லை நான். அமெரிக்கக் கடற்படை அகாடமியில் இந்தப் பாடத்தை வேண்டாமென்று தூக்கியவர்கள், ஜிபிஎஸ்ஸை எவனாவது முடக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் 2015இல் மறுபடி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவங்ககிட்ட கப்பல் இருக்கு."

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

என்னுடையது பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட். உலோகத்தில் செய்ததன் விலையை ஒருமுறை விசாரித்தேன். அந்தப் பணத்துக்குப் படகே வரும் போலிருந்தது. பிளாஸ்டிக்கில் ஒரு சங்கடம் உண்டு. வெயிலில் வைத்தால் கொஞ்சம் விரியும், நிழலில் சுருங்கும், பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்காது. சூரியனை அளப்பதற்கென்றே செய்த கருவிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்பதை முதலில் கேட்டபோது சிரித்தேன். ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்னும் பின்னும் அந்தப் பூஜ்யப் பிழையைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, கடைசியில் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும். பழகிவிட்டால் இது பல் தேய்ப்பது போல ஆகிவிடுகிறது.

அடுத்த பிரச்சினை அடிவானம். மடிப்பாக்கத்தில் அது கிடையாது. எங்கள் மொட்டைமாடியில் நின்று சுற்றிப் பார்த்தால் வடக்கே பரங்கிமலை, மற்ற மூன்று திசையிலும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், செல்போன் கோபுரங்கள், நகைக்கடை விளம்பரத்தில் சிரிக்கும் நடிகை. வானம் எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கடற்கரை ஒன்றும் தூரமில்லையே என்பீர்கள். போனேன். கடல் இருக்கிறது, ஆனால் கிழக்கே மட்டும். சூரியன் அதன் மேல் நிற்பது காலையில்தான். காலையில் கடற்கரையில் இருப்பவர்கள் எல்லோரும் வாக்கிங் வந்தவர்கள்; ஒரு காரணம் கிடைத்தால் நின்றுவிடலாம் என்று தவித்துக்கொண்டிருப்பவர்கள். நான் கருவியைக் கண்ணில் வைத்ததும் அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "சர்வேயா சார்? இந்த இடத்தையும் எடுக்கப் போறாங்களா?" என்று ஒருவர் கவலையோடு கேட்டார். இன்னொருவர் எந்தக் கட்சி என்றார். மீனவப் பெரியவர் ஒருவர் மட்டும் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "உப்புக்காத்து பட்டா கண்ணாடி போயிடும் தம்பி, வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார். அன்று அங்கே விஷயம் தெரிந்து பேசியவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அடிவானம் இல்லாத ஊரில் அதைச் செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு தட்டில் ஏதாவது திரவத்தை ஊற்றி வைத்தால் போதும். அது தானாகவே மட்டமாகிவிடும். ரசமட்டம் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம். வானத்தில் சூரியன் எத்தனை டிகிரி மேலே இருக்கிறதோ, தட்டுக்குள் தெரியும் சூரியன் அத்தனை டிகிரி கீழே இருக்கும். மேல் சூரியனை இறக்கிக் கீழ் சூரியன் மேல் உட்கார வைத்து, வில்லைப் படித்துப் பாதியாக்கினால் உயரம் கிடைத்துவிடும். பாதியாக்கும்போது நம் கை நடுக்கம், கண் கோளாறு எல்லாமும் கூடவே பாதியாகிவிடும். தப்பைப் பாதியாகக் குறைத்துத் தரும் வேறு பொழுதுபோக்கு இருந்தால் சொல்லுங்கள்.

எந்தத் திரவம் என்பதில்தான் பல மாதம் போயிற்று.

அந்தக் காலத்தில் பாதரசம். இரும்புக் குப்பியில் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றி, மேலே கண்ணாடிக் கூரை போடுவார்கள். நானும் நாட்டு மருந்துக் கடையில் போய்ப் பாதரசம் கிடைக்குமா என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரசமணி கட்டறீங்களா? குரு இருக்காரா?" இல்லை, சூரியனைப் பார்ப்பதற்கு என்றேன். "அப்ப பெரிய லெவல்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பாதரச ஆவி நரம்பையும் மூளையையும் பாதிக்கும் என்பதால் பிறகு வாங்கவில்லை. இனிமேல் பாதிக்க அங்கே என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒரு கருத்து நிலவியது.

தண்ணீர் வைத்தேன். சின்னக் காற்றுக்கும் சிலிர்த்துக்கொண்டது. அதோடு கொசுப்புழு சோதிக்க வந்தவர் மாடியேறி, தட்டைப் பார்த்து, தேங்கிய தண்ணீர் என்று கவிழ்த்துவிட்டுப் போனார். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துபோனது. வெல்லப்பாகும் உதவும் என்று பழைய புத்தகங்கள் சொல்கின்றன. எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள், எங்கள் கட்டடத்து எறும்பைப் பார்த்ததில்லை. விளக்கெண்ணெய் நல்ல சாது. காற்றடித்தாலும் அசையாது, அசைந்தாலும் உடனே அடங்கிவிடும். ஆனால் தட்டின் அடி தெரிந்து தொலைத்தது. அடியிலிருந்து இன்னொரு சூரியன் மங்கலாக எட்டிப் பார்த்தது. ஆகவே கறுப்பாக ஒன்று வேண்டியிருந்தது. தெருமுனை டூவீலர் மெக்கானிக்கிடம் போனேன்.

"வேஸ்ட் ஆயில் கொஞ்சம் கிடைக்குமா?"

"எந்த வண்டிக்கு சார்?"

"வண்டிக்கு இல்ல. தட்டுல ஊத்தி சூரியனைப் பார்க்கணும்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு பழைய பாட்டிலில் நிறைய ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அதன் பிறகு என் வண்டியை எடுத்துப் போகும்போதெல்லாம் என்னிடம் கொஞ்சம் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்.

காற்றுக்கு மறைப்பாக மீன்தொட்டிக் கடையில் இரண்டு கண்ணாடி வெட்டி வாங்கி, கூடாரமாகச் சாய்த்து ஒட்டிக்கொண்டேன். கண்ணாடியின் இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் இணையாக இருக்காது. ஒளி அதில் லேசாக வளையும். அதனால் பாதி அளவை ஒரு மாதிரியும், கூடாரத்தைத் திருப்பி வைத்து மீதிப் பாதியை இன்னொரு மாதிரியும் எடுத்துச் சராசரி போட வேண்டும். காற்றை மறைத்தாயிற்று. தட்டானை மறைக்க முடியவில்லை. கறுப்பு எண்ணெய்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, நீர்நிலையில் பட்டுத் திரும்பும் ஒளி போலவே ஒரு பக்கமாக முனைவுபட்டு இருக்கும். தட்டானின் கண்ணுக்கு அது தெரியும். குளம் என்று நினைத்து முட்டையிட வந்துவிடும். குளத்தைவிட எண்ணெய்தான் அதற்குப் பெரிய குளமாகத் தெரிகிறதாம். நான் சூரியனை இறக்கிக்கொண்டிருக்கும்போது கூடாரத்தின் மேல் ஒரு தட்டான் வாலால் தட்டித் தட்டி வழி கேட்டுக்கொண்டிருக்கும். விரட்ட மனசு வராது. இரண்டு பேரும் ஒரே தட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள்.

இப்போது அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பாருங்கள். தட்டுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து, எண்ணெயில் சூரியன் தெரியும் வரை பின்பக்கமாக நகர்ந்துகொண்டே போக வேண்டும். இரண்டு சூரியனுக்கும் தனித்தனி நிறக் கண்ணாடி உண்டு; அதைப் போடாமல் பார்த்தால் கண் போய்விடும். எனக்கு மேல் சூரியன் பச்சை, எண்ணெய்ச் சூரியன் ஆரஞ்சு. முதலில் எண்ணெய்ச் சூரியன் மட்டும் தெரியும். கையை நகர்த்தினால் மேலேயிருந்து பச்சை வரும். பிறகு கட்டை விரலால் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பச்சை ஆரஞ்சைத் தொடும், கடிக்கும், பாதி விழுங்கும், முழுசாக உட்காரும். உட்கார்ந்ததும் இரண்டும் கலந்து எலுமிச்சை நிறமாக ஒரு வட்டம். "இப்போ!" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு மணி பார்க்க வேண்டும். நான்கு விநாடி தவறினால் தீர்க்கரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு தவறும்; நம் ஊரில் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அந்த நான்கு விநாடிக்குள்தான் கீழே தண்ணீர் லாரி திரும்பும், கட்டடம் லேசாக அதிரும், எண்ணெயில் சூரியன் கெக்கலி கொட்டிச் சிரிக்கும்.

நேரத்தைப் போனில் பார்க்கிறேன். அதே போனில் நீலப் புள்ளி இருக்கிறது. மடியில் அது குப்புறக் கிடக்கும்.

கணக்குக்கு நாட்டிகல் ஆல்மனாக் வேண்டும். 1767ஆம் ஆண்டுக்கான பதிப்பில் தொடங்கி நின்றுபோகாமல் வந்துகொண்டிருக்கும் பஞ்சாங்கம். சூரியன், சந்திரன், கிரகங்கள், நட்சத்திரங்கள் ஒவ்வொரு மணிக்கும் எங்கே நிற்கும் என்று அச்சடித்திருப்பார்கள். மாமனார் வந்திருந்தபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் புரட்டினார். "கிரக நிலையெல்லாம் பரவாயில்லை மாப்ளே. ஆனா ராகு காலம் போடலையே. இதை நம்பி எப்படிக் கப்பலை எடுப்பான்?" என்றார்.

இத்தனையும் கைவந்த பிறகுதான் பெரிய இடி விழுந்தது. மாலுமிகள் முக்கியமாக அளப்பது உச்சிச் சூரியனை. நடுப்பகலில் அது ஏறும் அதிகபட்ச உயரத்தை அளந்தால் இரண்டு கழித்தலில் அட்சரேகை வந்துவிடும். உலகத்திலேயே சுலபமான கணக்கு. நான் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வில் 120 டிகிரி. தட்டில் கோணம் இரட்டிப்பாவதால் 60 டிகிரி உயரம் வரைக்கும்தான் அளக்கலாம். மடிப்பாக்கத்தில் மார்ச் மாத உச்சிச் சூரியன் 77 டிகிரியில் நிற்கிறது. இரட்டித்தால் 154. வில்லைத் தாண்டி என் முழங்கையில்தான் படிக்க வேண்டும். ஏப்ரல் 24 வாக்கில், மறுபடி ஆகஸ்ட் 18 வாக்கில், சூரியன் நேர் உச்சந்தலை மேல். நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடங்களில் குச்சி நட்டுக் கொண்டாடுகிறார்கள். அன்று தட்டைக் குனிந்து பார்த்தால் நடுவில் நான் நிற்பேன். எண்ணெயில் தெரிவது என் தலைதான்.

கேம்பெல் காலத்தில் வில்லை 120 வரை நீட்டியது சந்திரனுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே உள்ள கோணத்தை அளப்பதற்கு. மடிப்பாக்கத்தை யாரும் யோசிக்கவில்லை.

சரி, எப்போதுதான் எங்கள் ஊர் உச்சிச் சூரியன் 60 டிகிரிக்குக் கீழே வரும் என்று பார்த்தேன். நவம்பர் 10 வாக்கில் இறங்குகிறது. பிப்ரவரி பிறக்கும்போது மறுபடி ஏறிவிடுகிறது. அதாவது வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை, பள்ளிகளுக்கு விடுமுறை. சூரியன் நம் கைக்கு எட்டும் மாதங்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் மாதங்களில் கைக்கு எட்டுவதில்லை. மிச்சம் தை மாதம்தான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொன்னவர் வீட்டிலும் ஒரு செக்ஸ்டன்ட் இருந்திருக்க வேண்டும்.

இந்த அவதி எனக்கு மட்டும் வந்ததில்லை என்பது ஒரு ஆறுதல். 1804இல் மிஸௌரி ஆற்றின் வழியே அமெரிக்காவின் மேற்கே போன மெரிவெதர் லூயிஸ் தட்டில் தண்ணீர் வைத்துத்தான் பார்த்தார். கோடையில் மதியச் சூரியன் அவருடைய செக்ஸ்டன்டுக்கும் எட்டவில்லை. ஆக்டன்ட் என்ற இன்னொரு கருவியை வைத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று அளக்கும் முறை ஒன்று உண்டு, அதைக் கையாண்டார். அவர் நின்ற இடத்தில் பார்க்க ஆளில்லை, செய்யலாம். எங்கள் மாடியில் முதுகைக் காட்டி நின்று சூரியனைப் பார்த்தால் வாட்ச்மேன் வீட்டுக்குப் போன் செய்துவிடுவார்.

வயிற்றெரிச்சலோடு நான் நினைத்துக்கொள்வது ஆமுண்ட்சென்னை. 1911 டிசம்பரில் தென்துருவம் போய்ச் சேர்ந்து, அதுதான் தென்துருவமா என்று உறுதிசெய்ய அவரும் இதே செக்ஸ்டன்ட், இதே செயற்கை அடிவானம்தான் வைத்துக்கொண்டார். மணிக்கொரு தரம் அளந்தார்கள். அங்கே அப்போது சூரியன் நாள் முழுக்க 23 டிகிரி உயரத்தில் சுற்றிச் சுற்றி வரும். ஏறாது, இறங்காது, அஸ்தமிக்காது. இரட்டித்தால் 46. மழை கிடையாது, தண்ணீர் லாரி கிடையாது, தட்டான் கிடையாது. தட்டு வைத்துப் பார்ப்பவனுக்கு அதைவிடச் சொர்க்கம் உண்டா? குளிர் கொஞ்சம் அதிகம் என்கிறார்கள்.

எனக்குக் கிடைத்தது காலை நேரம். சூரியன் ரொம்பத் தாழ்ந்திருந்தால் தட்டில் பிடிக்கத் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். அதனால் ஏழரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிட வேண்டும். எனக்குத் தினமும் ஏழரை. மத்தியானம் ஆனால் கடற்காற்று வந்துவிடும். மாசி பங்குனியில் அந்த நேரத்தில் மூன்றாவது மாடி மாமி வேட்டி விரித்து வடாம் பிழிவார். சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. "நீங்க உக்காந்திருந்தா காக்கா அண்ட மாட்டேங்கறது" என்று எனக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்து விரித்தார். முந்நூறு வருஷத்து விஞ்ஞானம் அன்று வடாத்துக்குக் காவல் இருந்தது.

கணக்குப் போட்டால் வரைபடத்தில் ஒரு கோடு விழும். அதன் மேல் எங்கோ நாம் இருக்கிறோம். நல்ல நாளில் என் கோடு எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் போகும். சுமாரான நாளில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். தண்ணீர் லாரி நாளில் வங்காள விரிகுடாவில். அசோசியேஷன் செக்ரட்டரி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்து, எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். கடலுக்குள் என்றேன். அவர் முகம் வெளுத்தது. "வெளியில சொல்லிடாதீங்க சார், ஃபிளாட் விலை விழுந்துடும்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடலுக்குப் பக்கத்துலன்னு வேணா சொல்லலாம்" என்றார்.

எனக்கு இதில் வெட்கம் இல்லை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவையே அளக்கப் புறப்பட்டு, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை நூறடி எஃகுச் சங்கிலியை விரித்து விரித்து முதல் கோடு போட்டது எங்கள் பேட்டை வழியாகத்தான். அடுத்த அரை நூற்றாண்டில் இமயமலையின் உயரம் வரை போன அளவைக்கு இங்கேதான் பிள்ளையார் சுழி. நிலத்தில் போட்ட அந்தக் கோடு அபாரத் துல்லியம். ஆனால் தீர்க்கரேகையை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் கணக்கில் கட்டிவைத்தார்கள். பின்னாளில் சரிபார்த்தால், சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடங்கள் மொத்தமும் சுமார் இரண்டரைக் கலை கிழக்கே தள்ளி இருந்தன. ஒரு தேசத்தையே நான்கு கிலோமீட்டருக்கு மேல் கடல் பக்கமாக நகர்த்தியிருக்கிறார்கள். நான் நகர்த்தியது ஓர் அபார்ட்மென்ட்.

ஒரு கோடு போதாது. இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடம்தான் நாம். இங்கேயும் ஊர் கைகொடுக்கவில்லை. நம் பக்கத்துச் சூரியன் வளைந்து நெளிந்து ஏறாது. காலையில் பெரும்பாலும் கிழக்கிலேயே நின்று நிமிர்ந்து ஏறிவிடும். எட்டு மணிக் கோடும் ஒன்பது மணிக் கோடும் தண்டவாளமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே போகும். வெட்ட வேண்டுமானால் வடக்கிலோ தெற்கிலோ ஓர் ஆள் வேண்டும். வடக்கே துருவ நட்சத்திரம் 13 டிகிரியில், நகைக்கடை விளம்பரத்து வெளிச்சத்தில் கரைந்து நிற்கிறது. தெற்கே அகஸ்தியர்.

வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமான நட்சத்திரம் அவர்தான்; கப்பல்காரர்களுக்கு கெனோபஸ். ஜனவரிக் கடைசியில் இரவு பத்தேகால் மணிக்குத் தெற்கே உச்சிக்கு வருவார். அப்போது அவர் உயரம் எங்கள் மாடியிலிருந்து 24 டிகிரியும் கொஞ்சமும்தான், தட்டுக்குக் கச்சிதம். தொண்ணூறிலிருந்து அந்த உயரத்தைக் கழித்து, அவர் வானத்தில் தெற்கே தள்ளியிருக்கும் 52 டிகிரி 42 கலையையும் கழித்தால் அட்சரேகை. பூமியைச் சமப்படுத்தத் தெற்கே வந்தவரை, சமமான எண்ணெயில் பார்ப்பது பொருத்தமாகத்தான் பட்டது.

பட்டது எனக்கு. மற்றவர்கள் பார்த்தது வேறு. இரவு பத்து மணி, லைட் அணைத்த மொட்டைமாடி. ஒரு தட்டில் கன்னங்கரேல் என்று ஏதோ. டார்ச்சுக்குச் சிவப்பு ஜிகினாத் தாள் சுற்றியிருக்கிறது, கண் கூசாமல் இருக்க. தெற்கு பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டையே வெறித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... வந்துட்டார்" என்று முனகும் ஓர் ஆள்.

பின்னால் கொலுசுச் சத்தம் இல்லை; செருப்புச் சத்தம். மூன்றாவது மாடி மாமி.

"ஏன் சார், மை போட்டுப் பார்ப்பேளா? சொல்லவே இல்லையே."

"இல்ல மாமி, இது..."

"ஒத்தை வைரத் தோடு சார். கார்த்தாலேர்ந்து காணோம். வேலைக்காரியைக் கேக்க வாய் வரலை. கொஞ்சம் பாருங்கோளேன்."

அகஸ்தியர் உச்சிக்கு வந்துகொண்டிருந்தார். அவர் நமக்காக நிற்கமாட்டார். நான் திருகைத் திருப்பிக்கொண்டே, நோட்டில் எழுதுவதற்காக வாய்விட்டுச் சொன்னேன்: "தெற்கு. இருபத்துநாலு டிகிரி." நிமிர்ந்து பார்த்தபோது மாமி இல்லை.

தோடு அவர் வீட்டுத் தெற்குப் பக்கக் குளியலறையில், சோப்பு டப்பாவுக்குள் இருந்தது.

மறுநாள் ஒரு டபரா நிறைய சர்க்கரைப் பொங்கல் வந்தது. அதன் பின்னால் ஆட்கள் வந்தார்கள். சாவி, பாஸ்புக், பேரனின் காதுகேள் கருவி, இரண்டாவது மாடியிலிருந்து ஓடிப்போன பூனை. செயற்கை அடிவானத்தின் தத்துவத்தை ஒவ்வொருவருக்கும் தட்டைக் காட்டி விளக்கினேன். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்றேன். ரொம்ப பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் "எந்தத் திசைன்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றார்கள். பூனை கிழக்கே போயிருக்கலாம் என்றேன், கிழக்கே மீன் மார்க்கெட் இருப்பதால். அங்கேதான் இருந்தது. அதோடு என் விளக்கங்களுக்கு மதிப்பு சுத்தமாகப் போய்விட்டது.

போன வாரம் செக்ரட்டரி அசோசியேஷன் குரூப்பில் அறிவிப்புப் போட்டுவிட்டார். மாடியில் மை பார்க்கும் நேரம் இரவு ஒன்பதரை முதல் பத்தரை வரை. மேகமூட்டமான நாட்களில் கிடையாது. வீட்டுக்கு ஒரு கேள்வி. மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அனுமதி இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் ஓனரிடமிருந்து கடிதம் கொண்டுவந்தால் மட்டுமே மாடிக்குப் போகலாம்.

நான் வாடகைக்குத்தான் இருக்கிறேன். ஓனர் துபாயில் இருக்கிறார். கடிதம் கேட்டு எழுதியிருக்கிறேன்.